ஒரு கிரவுண்ட் மனையில் மழைநீர்: மாடியிலிருந்து தெருவரை

மாடிக் குழாயின் அடியில் இரண்டடி ஆழக் குழி, அதற்குள் உடைந்த செங்கல், மேலே ஓட்டை போட்ட ஸ்லாப். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானபோது பல வீடுகளில் வேலை இத்தோடு முடிந்தது. அப்படிப்பட்ட குழி சில பருவங்களிலேயே வண்டல் அடைத்து வெறும் தொட்டியாகிவிடும். குழி தவறில்லை. அதற்கு முன்னால் நீரின் வேகத்தைத் தணிக்கவும் வண்டலைப் பிடிக்கவும் எதுவும் இல்லாததும், குழி நிறைந்த பிறகு நீர் எங்கே போகும் என்று யாரும் யோசிக்காததும்தான் தவறு.

ஆஸ்திரேலிய நகரங்களில் 1990-களிலிருந்து 'நீர் உணர் நகர வடிவமைப்பு' என்ற பெயரில் செய்யப்படுவது இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்கும் வேலைதான். மழையை விழுந்த இடத்திலேயே தடுத்து, மண்ணாலும் செடியாலும் வடிகட்டி, முடிந்த அளவு நிலத்துக்குள் விட்டு, மீந்ததை மட்டும் மெதுவாக வடிகாலுக்கு அனுப்புகிறார்கள். சென்னையில் ஒரு கிரவுண்ட் மனையில் அதை எப்படிச் செய்வது என்று இங்கே பார்ப்போம். அவர்களுடைய அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஏன் என்பது கீழே வரும்.

முதலில் கணக்கு

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். இது ஒன்றை நினைவில் வைத்தால் போதும். ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். சென்னையின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மி.மீ. ஆக, மனையின் மேல் ஆண்டுக்கு மூன்று லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது.

ஆனால் வடிவமைப்புக்கு ஆண்டுக் கணக்கு உதவாது. ஒரு நாள் மழைக் கணக்குதான் வேண்டும். மாடி 1,300 சதுர அடி, கார் நிறுத்தும் தளமும் நடைபாதையும் 600, வெறும் மண் 500 என்று வைத்துக்கொள்வோம். மாடியிலும் தளத்திலும் விழும் நீரில் 85 விழுக்காடு ஓடிவரும் என்று கொண்டால், 25 மி.மீ. மழைக்கு மாடியிலிருந்து சுமார் 2,570 லிட்டர், தளத்திலிருந்து 1,190 லிட்டர் வரும். 50 மி.மீ. என்றால் இரண்டு மடங்கு.

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. ஒரு கிரவுண்டுக்கு அது ஒரு லட்சம் லிட்டருக்கும் மேல். எந்த வீட்டு ஏற்பாடும் அதைத் தாங்காது. தாங்க வைக்க முயல்வது காசை மண்ணில் கொட்டுவது. ஒரு நாளில் 25 முதல் 50 மி.மீ. வரையான மழையை முழுமையாகப் பிடிக்கிற மாதிரி கட்டி, அதற்கு மேல் வருவதற்குப் பாதுகாப்பான வழிவிடுங்கள். ஆண்டின் மழை நாட்களில் பெரும்பாலானவை இந்த அளவுக்குள்தான் இருக்கும்.

மண்ணைச் சோதிக்காமல் கடப்பாரையைத் தொடாதீர்கள்

மழைத்தோட்டம், அதாவது மழைநீரைக் கொஞ்ச நேரம் நிறுத்தி மண்வழியே இறக்கும் தாழ்வான செடிப் பாத்தி, வரப்போகும் இடத்தில் ஓரடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி தோண்டுங்கள். நிரப்பி, முழுக்க வடிய விடுங்கள். காய்ந்த மண் முதல் முறை பொய் சொல்லும், அதனால் முதல் அளவைக் கணக்கில் எடுக்க வேண்டாம். மறுபடி நிரப்பி, ஒரு ஸ்கேலைச் செருகி, ஒரு மணி நேரத்தில் எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று பாருங்கள்.

25 மி.மீ.-க்கு மேல் இறங்கினால் கவலையில்லை, அடியில் வடிகுழாய் (மீந்த நீரை வெளியேற்றும் துளையிட்ட குழாய்) இல்லாமலே மழைத்தோட்டம் போடலாம். 5 முதல் 25 வரை என்றால் அடியில் வடிகுழாய் வேண்டும். 5-க்கும் கீழே போனால் அது களிமண். மேல்மண்ணை நம்பிப் பயனில்லை. நீரைச் சம்ப்பில் (நிலத்தடித் தொட்டியில்) சேமிப்பதும், களிமண் அடுக்கைத் தாண்டிக் கீழே இருக்கும் மணலுக்கு உறைக்கிணறு (வளைய உறைகளை அடுக்கிய கிணறு) இறக்குவதும்தான் வழி.

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்கரை மணல். நீர் இறங்கிக்கொண்டே இருக்கும். அங்கே ஆழமாகத் தோண்டத் தேவையில்லை. நல்ல நீர் உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காகத்தான் மிதக்கிறது, அதை மேலிருந்தே ஊட்டினால் போதும். வேளச்சேரி, பள்ளிக்கரணை போலச் சதுப்பை ஒட்டிய பகுதிகளில் களிமண். கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் சில இடங்களில் சில அடியிலேயே பாறை தட்டும். ஒரே வரைபடத்தை ஊர் முழுக்கப் போட முடியாது என்பது இதனால்தான்.

இன்னொரு சோதனை, நவம்பரில் கிணற்று நீர்மட்டம். ஐப்பசி கார்த்திகையில் நீர் தரையிலிருந்து நான்கைந்து அடிக்கு வந்துவிடும் மனையில், பத்தடிக் குழி ஏற்கெனவே நிறைந்துதான் இருக்கும். எந்த அமைப்பின் அடிமட்டமும் மழைக்கால நீர்மட்டத்துக்குக் குறைந்தது மூன்றடி மேலே இருக்க வேண்டும்.

மாடி நீரைப் பாதியாகப் பிரியுங்கள்

மாடி நீர்தான் வீட்டில் விழுவதிலேயே சுத்தமானது. அதை நேரே நிலத்துக்கு அனுப்புவது ஒரு விதத்தில் வீண். பாதியைச் சம்ப்புக்கு எடுங்கள்.

ஒவ்வொரு மழையிலும் முதலில் வரும் நீர் தூசி, பறவை எச்சம், இலை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வரும். மாடியின் பரப்புக்கு 1 மி.மீ. வீதம், அதாவது சம்ப்புக்குப் போகும் பாதி மாடியின் 60 சதுர மீட்டருக்கு 60 லிட்டர், வெளியே தள்ள வேண்டும். நான்கு அங்குலக் குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 8 லிட்டர்தான் கொள்ளும். கடையில் சொல்வது போல 'ஒரு மீட்டர் பைப்பைத் தொங்கவிட்டால் போதும்' என்பது இதனால் பலிக்காது. 60 லிட்டர் டிரம் ஒன்றை வைத்து, நிறைந்ததும் நீர் அடுத்த வழிக்குத் திரும்புகிற மாதிரி டீ (T வடிவ இணைப்பு) போட்டு இணையுங்கள். டிரம்மின் அடியில் சொட்டுச் சொட்டாக ஒரு நாளில் காலியாகும் அளவுக்குச் சின்னத் துளை வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது மழைக்கு டிரம் நிறைந்தே இருக்கும்.

அதன் பிறகு இரண்டடிக்கு இரண்டடி வடிகட்டித் தொட்டி. அடியில் 20 மி.மீ. ஜல்லி ஆறு அங்குலம், அதன் மேல் கால் அங்குலக் கல் சிப்ஸ் நான்கு அங்குலம், மேலே கழுவிய பருமணல் ஆறு அங்குலம். மணலின் மேல் நைலான் கொசுவலை விரித்து ஓரத்தில் கல் வைத்தால், சுத்தம் செய்யும்போது வலையைத் தூக்கி உதறினாலே பாதி வேலை முடிந்துவிடும். கரி போடச் சொல்வார்கள். ஆண்டுதோறும் மாற்றப் போவதில்லை என்றால் போடாமல் இருப்பதே மேல். இந்த நீர் புழங்கத்தான். குடிக்க வேண்டுமென்றால் தனியே சுத்திகரிக்க வேண்டும்.

வாஷிங் மெஷின் நீர், மாடியில் நாயைக் குளிப்பாட்டும் நீர் எதுவும் இந்தக் குழாயில் சேரக் கூடாது.

மழைத்தோட்டம்

மாடியின் மறுபாதி நீர் இங்கே வரும். இந்த ஏற்பாட்டின் இதயமே இதுதான், தவறுகளும் இங்கேதான் அதிகம்.

மெல்போர்னில் ஒரு மழைத்தோட்டத்துக்கு, நீர் வரும் பரப்பில் சுமார் 2 விழுக்காடு போதும் என்பார்கள். அங்கே ஆண்டு மழை நம்முடையதில் பாதிகூட இல்லை, அதுவும் ஆண்டு முழுக்கப் பரவிப் பெய்யும். விரிகுடாவுக்குப் போகும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் குறைப்பதுதான் அவர்களின் முதல் நோக்கம். நமக்கோ மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கும், நோக்கம் நீரை இறக்குவது. அதனால் 10 விழுக்காடு வையுங்கள். 60 சதுர மீட்டர் மாடிக்கு 6 சதுர மீட்டர், அதாவது 65 சதுர அடி. ஐந்தடி அகலம், பதின்மூன்று அடி நீளத்தில் காம்பவுண்டு ஓரமாக அமையும்.

கொள்ளளவு சரியா? மேலே 150 மி.மீ. நீர் நிற்க இடம் விட்டால் 900 லிட்டர். 450 மி.மீ. மண் கலவையில் ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம் என்றால் 540 லிட்டர். மொத்தம் 1,440. பாதி மாடியிலிருந்து 25 மி.மீ. மழைக்கு வருவது 1,285. சரியாகிறது.

வீட்டு அஸ்திவாரத்திலிருந்து பத்தடி தள்ளி இடம் பாருங்கள். செப்டிக் டேங்க் இருந்தால் முப்பதடி. மொத்தம் மூன்றடி தோண்ட வேண்டும். தோண்டிய பிறகு அடித்தரையை மிதிக்காதீர்கள். மிதிபட்டிருந்தால் கடப்பாரையால் கொத்தி விடுங்கள். ஜேசிபி உள்ளே இறங்கி அழுத்திய தரையில் நீர் இறங்குவது பாதியாகக் குறைந்தாலும் ஆச்சரியமில்லை.

அடியில் ஆறு அங்குலம் கழுவிய ஜல்லி. வடிகுழாய் தேவையென்றால் நான்கு அங்குல பிவிசி குழாயில் நான்கு அங்குலத்துக்கு ஒரு துளை, 6 மி.மீ. டிரில் பிட்டில் போட்டு, இருநூறுக்கு ஒன்று சரிவில் இந்த ஜல்லிக்குள் படுக்க வையுங்கள். குழாயின் மேல்முனையை எல்போ (வளைவு இணைப்பு) போட்டுத் தரைக்கு மேலே தூக்கி மூடி போடுங்கள், பின்னாளில் ஹோஸ் விட்டுக் கழுவ அது ஒன்றுதான் வழி. குழாயின் வெளிவாயை ஜல்லியின் மட்டத்துக்கு மேலே ஓரடி உயர்த்தி எல்போ வைத்தால், அடியில் கொஞ்சம் நீர் தங்கும். மழை நின்ற பிறகும் சிறிது காலம் செடிகளுக்கு அது கைகொடுக்கும்.

ஜல்லிக்கு மேல் நான்கு அங்குலம் பருமணல், அதன் மேல் பதினெட்டு அங்குலம் மண் கலவை. நடுவில் துணி விரிக்காதீர்கள். கொத்தனாரும் சொல்வார், கடைக்காரரும் விற்பார், ஆனால் நுண்மண் அந்தத் துணியில்தான் முதலில் படிந்து அடைக்கும். பருமணல் அடுக்கே அந்த வேலையைச் செய்யும்.

கலவைக்கு எட்டுப் பங்கு கழுவிய மணல், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய உரம். 'செடி வளரணுமே' என்று செம்மண்ணைக் கூட்டினால் களிச்சத்து ஏறி நீர் நிற்க ஆரம்பிக்கும். உரத்தைக் கூட்டினால் சத்து கரைந்து நிலத்தடி நீருக்குப் போகும். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) பயன்படுத்தலாம், ஆனால் அதில் கல்தூள் இருக்கும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு கலவையும் மீதி நீரும் ஊற்றிக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மணலுக்கு மேல் படியும் மெல்லிய சேறு, மொத்தப் படிவில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இருந்தால் அந்த மணலை இன்னொரு முறை அலசுங்கள்.

மேலே மூடாக்காக மரத்தூளும் தேங்காய் மட்டையும் வேண்டாம். முதல் பெருமழையில் மிதந்து போய் வழிந்தோடும் குழாயை அடைக்கும். இரண்டு அங்குலம் கூழாங்கல் போதும்.

குழாய் நீர் வந்து விழும் இடத்தில் இரண்டடிக்கு இரண்டடி, ஓரடி ஆழத்தில் கருங்கல் அடுக்கிய சின்னக் குழி வையுங்கள். விழும் வேகம் அங்கே தணியும், வண்டலும் அங்கேயே படியும். மண்வெட்டியால் அள்ளி எடுக்க முடிகிற இடத்தில் வண்டலைப் படிய வைத்தால், பதினெட்டு அங்குலக் கலவை பல ஆண்டு உழைக்கும்.

செடி என்றால் எட்டு மாத வறட்சியையும் மூன்று நாள் வெள்ளத்தையும் தாங்க வேண்டும். வெட்டிவேர் ஓரடிக்கு ஒன்று. ஆழமாக இறங்கும் வேர் மண்ணில் வழியைத் திறந்து வைத்துக்கொண்டே இருக்கும். நீர் விழும் பக்கம் கல்வாழை, ஓரத்தில் நொச்சி, தரையை மூடப் பொடுதலையும் அருகம்புல்லும். ஆடி ஆவணியில் நட்டால் ஐப்பசிக்குள் வேர் பிடிக்கும். மழை தொடங்கிய பிறகு நட்டால் முதல் வெள்ளத்திலேயே பெயர்ந்து போகும். அரசு, ஆல் கன்று முளைத்தால் உடனே பிடுங்குங்கள், குழாயைத் தேடி வேர் விடும்.

கொசு வரும் என்று பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள். முட்டை கொசுவாக ஒரு வாரமாவது ஆகும். மேலே நிற்கும் 150 மி.மீ. நீர் ஒரு நாளில் வடிந்துவிட வேண்டும் என்பதுதான் அளவுகோல். இரண்டாவது நாளும் நின்றால் கோளாறு இருக்கிறது என்று பொருள்.

தளம்

பேவர் பிளாக் போட்டாலே நீர் இறங்கும் என்பது பரவலான நம்பிக்கை. பிசிசி (கம்பியில்லாத கான்கிரீட்) போட்டு அதன் மேல் பதித்த பேவரில் நீர் இறங்காது, சிமெண்ட் தளத்துக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. இறங்க வேண்டுமென்றால் அடியிலிருந்தே மாற்ற வேண்டும். எட்டு அங்குலம் தூசியில்லாத 40 மி.மீ. ஜல்லி, அதன் மேல் இரண்டு அங்குலம் 6 மி.மீ. சிப்ஸ், அதன் மேல் பேவர், இடைவெளி 8 மி.மீ. அளவில். இடைவெளியை மணலால் அல்ல, 3 மி.மீ. சிப்ஸால் நிரப்புங்கள். ஜல்லிக்குள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வெற்றிடம் இருக்கும் என்பதால் எட்டு அங்குலம் 70 மி.மீ. மழையை உள்ளே வைத்துக்கொள்ளும். இந்த வேலையைக் கட்டட வேலை முழுக்க முடிந்த பிறகே செய்யுங்கள். ஒரே ஒரு நாள் இதன் மேல் கலவை போட்டுக் குழைத்தாலும் எல்லாம் அடைந்துவிடும். களிமண் மனையில் இதன் அடியிலும் வடிகுழாய் தேவை.

உறைக்கிணறு

மழைத்தோட்டம் நிறைந்து வழிவது இங்கே வர வேண்டும். மூன்றடி விட்ட உறை, பதினைந்து அடி ஆழம் என்றால் 3,000 லிட்டர் கொள்ளும். ஒரு நாளில் 100 மி.மீ. பெய்தாலும், பாதி மாடியிலிருந்து வரும் 5,140 லிட்டரில் தோட்டம் 1,440-ஐப் பிடித்தது போக 3,700 மிஞ்சும். கிணறு இறக்கிக்கொண்டே இருப்பதால் பெரும்பாலும் சமாளித்துவிடும்.

கிணற்றை ஜல்லியால் நிரப்பாதீர்கள். நிரப்பினால் கொள்ளளவு மூன்றில் ஒரு பங்காகும், தூர் வாரவும் முடியாது. அடியில் மட்டும் ஓரடி ஜல்லி, மீதி காலியாக இருக்கட்டும். உறைகளின் இணைப்பில் சிமெண்ட் பூச வேண்டாம். வெளிச்சுவரைச் சுற்றி ஆறு அங்குலம் ஜல்லி போட்டால் பக்கவாட்டிலும் நீர் இறங்கும். மேலே கனமான மூடி, மூடியில் மனிதர் இறங்கும் வாய்க்குப் பூட்டு, காற்றுக் குழாய்க்கு நுண்வலை. சென்னையின் மலேரியாக் கொசு கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும்தான் முட்டையிடும்.

மணற்பாங்கான இடத்தில் உறை இறக்காமல் ஆளை இறக்கி ஐந்தடிக்கு மேல் தோண்ட விடாதீர்கள், பக்கம் சரிந்துவிடும். பழைய கிணற்றில் பயிற்சியும் கருவிகளும் இல்லாத ஆளை எக்காரணம் கொண்டும் இறக்காதீர்கள். விஷவாயு கண்ணுக்குத் தெரியாது.

தெருவில் ஓடும் நீரை இந்தக் கிணற்றிலோ போர்வெல்லிலோ நேரே விடுவது பெரிய தவறு. அதில் எண்ணெய், டயர்த் தூள், சாக்கடை எல்லாம் இருக்கும். தெருநீர் மண் கலவை வழியாக இறங்கிய பிறகே கீழே போகலாம்.

வழிந்தோடும் வழி

மழைத்தோட்டத்தில் ஆறு அங்குலக் குழாய் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, வாயைத் தோட்டத் தரையிலிருந்து 150 மி.மீ. உயரத்தில் வைத்து, கவிழ்த்த கூடை போன்ற சல்லடை மாட்டுங்கள். தட்டையான ஜாலியை ஓர் இலை மூடிவிடும். இந்தக் குழாய் உறைக்கிணற்றுக்கும், கிணற்றின் மேல்வாய் தெரு மழைநீர் வடிகாலுக்கும் போகும். சம்ப்பின் வழிவும் இதிலேயே சேரட்டும். பாதாளச் சாக்கடை மேன்ஹோலில் மட்டும் இணைக்காதீர்கள். சட்டப்படியும் தவறு, பெருமழையில் சாக்கடை எதிர்த்து வந்து உங்கள் கிணற்றிலேயே நிறையும்.

மட்டங்களை ட்யூப் லெவல் (நீர் நிரப்பிய தெளிந்த குழாய்) பிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழே: வீட்டுத் தரை, சுற்றுத் தளம், வழியும் வாய், தோட்டத் தரை. இந்த வரிசையில் ஒன்று மாறினாலும் நீர் வீட்டுக்குள் வரும். தார் மேல் தார் போட்டு உயர்ந்துபோன தெருக்களில் வடிகால் உங்கள் மனையைவிட மேலே இருக்கலாம். அங்கே வெளிக் குழாயில் ஒருவழி மடல் வால்வு கட்டாயம். வடிகால் நிறைந்திருக்கும் நேரத்தில் உங்கள் நீரும் வெளியே போகாது, அதனால் அத்தகைய மனையில் சேமிப்பைத்தான் பெரிதாக்க வேண்டும்.

தெரு ஓரத்தில் குடியிருப்போர் சங்கம் செய்வதானால் இதே அடுக்குகள்தான், மாநகராட்சியின் அனுமதியோடு. சாலை விளிம்பின் கர்ப் கல்லில் ஒன்றரை அடி வெட்டு விட்டு, தோட்டத் தரையைச் சாலை ஓரத்தைவிட இரண்டு அங்குலம் தாழ்த்துங்கள். சமமாக விட்டால் ஒரே பருவத்தில் வாயில் மண் மேடிட்டு, நீர் நேராகத் தாண்டிப் போகும்.

புரட்டாசி வேலை

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். செப்டம்பர் கடைசிக்குள் மாடியைக் கூட்டி, டிரம்மின் துளையைக் குத்தி, வடிகட்டி மணலின் மேல் ஓரங்குலத்தைச் சுரண்டி மாற்றி, கருங்கல் குழியின் வண்டலை அள்ளிவிடுங்கள். சென்னையில் ஆடி ஆவணியிலும் மாலை மழை கணிசமாகப் பெய்யும் என்பதால் ஜூனிலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

தோட்டத்தில் நீர் இரண்டு நாள் நின்றால் முதலில் கூழாங்கல்லை ஒதுக்கிப் பாருங்கள். மேலே சாம்பல் நிறத்தில் ஆடை கட்டியிருந்தால் இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்து, அதே கலவையைப் புதிதாகப் போடுங்கள். ஆடை இல்லையென்றால் தூக்கி வைத்த குழாய் முனையில் ஹோஸ் விடுங்கள். வெளிவாயில் கலங்கலாக வந்து பிறகு தெளிந்தால் அடைப்பு நீங்கிவிட்டது. நீர் மேலேயே எதிர்த்து நின்றால் வெளிவாயிலிருந்து கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள். இரண்டுமே சரியாக இருந்து நவம்பரில் மட்டும் வடிய மறுத்தால், கிணற்று மூடியைத் திறந்து நீர்மட்டத்தைப் பாருங்கள். நிலமே நிறைந்திருந்தால் பழுதுபார்க்க ஒன்றுமில்லை. சம்ப்பில் பிடிப்பதைக் கூட்டுவதுதான் அந்த ஆண்டுக்கு வழி.